மாயா பாடம் நடந்த தவணை

வெயில் ஏறியதும் ரப்பர்க் காய்கள் மரத்திலேயே வெடித்து, கொட்டைகள் தகரக் கூரையில் சடசடவென்று விழும். ஜப்பான்காரன் காலத்தில் அந்தச் சத்தத்துக்குக்கூட எங்கள் வரிசை வீடுகளில், 'லயத்தில்', பேச்சு நின்றுவிடும். காஹாங் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் எங்களுடையது. அப்பாவைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பேர் கொடுத்தது கங்காணி வேலுச்சாமிதான் என்று அம்மா நம்பினாள். நம்பினாள் என்றுதான் சொல்ல முடியும், பார்த்தவர் யாரும் இல்லை.

தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு ஆரோக்கியம் டீச்சர் என்று ஒருவர்தான். டவுனில் மிஷன் பள்ளியில் படித்த கத்தோலிக்கப் பெண். தனியாக இருக்கப் பயந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். இங்கிலீஷ் ராஜா படம் போட்ட பழைய பாடப் புத்தகங்களை எல்லாம் எரித்தாகிவிட்டது. காலையில் கிழக்கே பார்த்துக் கும்பிட்டு ஜப்பானியப் பாட்டுப் பாடியபின், மிச்சப் பொழுதுக்கு என்ன கற்றுக்கொடுப்பது என்ற கவலையோடு ஒரு மத்தியானம் டீச்சர் தம் பெட்டியின் அடியிலிருந்து அட்டை கிழிந்த ஓர் இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். உலகத்தின் பழைய மக்களைப் பற்றிய புத்தகம் அது. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, இது வெள்ளைக்காரன் ஊர், இது சண்டை நடக்கிற ஊர் என்று தள்ளிக்கொண்டே போனவர், காட்டுக்குள் படிக்கட்டு வைத்துக் கட்டிய கோயில் ஒன்றின் படத்தில் நின்றார்.

"மாயா சனங்கக்கா. இந்தக் கோயிலெல்லாம் கட்டினவங்க செத்து எத்தனையோ காலமாச்சு. இவங்க மேல யாருக்குச் சந்தேகம் வரும்?"

"எந்த ஊரு டீச்சர்?" என்றாள் அம்மா.

டீச்சர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "அமெரிக்காப் பக்கம்."

"அலமாக்! அந்தப் பேர வெளிய சொல்லிடாதீங்க!"

கடலுக்கு அந்தப் பக்கம் என்று மட்டும் சொல்வதாக இருவரும் முடிவு செய்தார்கள். கிழங்கு உரித்தபடியே டீச்சர் அந்தப் பள்ளித் தவணை முழுவதற்குமான பாடத்தை வாய்விட்டுத் திட்டம் போட்டார். உணவுப் பயிர் போடச் சொல்லி மேலே இருந்து உத்தரவு இருந்ததால், மாயாக்காரர்களின் உயிர்ப் பயிரான சோளத்தையே, நாங்கள் 'ஜாகோங்' என்பதையே, பள்ளிக்கூடத்தின் பின்னால் நடுவது. செம்மண்ணைப் பிசைந்து அந்தப் படிக்கோயிலைக் கட்டுவது. கணக்கை அவர்கள் போட்ட மாதிரியே போடுவது. அவர்களுக்குப் புள்ளி என்றால் ஒன்று, கோடு என்றால் ஐந்து, சிப்பி என்றால் பூஜ்யம். புள்ளிக்கு ரப்பர்க் கொட்டை, கோட்டுக்கு ஈர்க்குச்சி, பூஜ்யத்துக்குக் 'கிராங்' என்கிற சிப்பியின் ஓடு. எல்லாம் மனத்தில் பதிந்ததும் அம்மா அந்தப் புத்தகத்தை வாங்கி அடுப்பில் வைத்தாள். டீச்சர் தடுக்கவில்லை.

நாங்கள் அந்தக் கணக்கில் பைத்தியமானோம். பள்ளிச் சுவர் நிறையக் கரியால் புள்ளியும் கோடுமாகப் போட்டோம். ஆனால் லயத்தில் வேறு பேச்சு கிளம்பியது. "மாயாவாம், மாயம் மந்திரம் சொல்லிக் குடுக்குது அந்த வேதக்காரப் பொண்ணு" என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். இரண்டு வீட்டில் பிள்ளைகளை நிறுத்தினார்கள். கங்காணி வேலுச்சாமி தினமும் சுருட்டோடு பள்ளிக்கூட வேலியோரம் வந்து நின்று சுவரைப் பார்ப்பதை அம்மா கவனித்துவிட்டாள். அவர் மகள் லெட்சுமி என் பக்கத்தில் உட்காருபவள். "அவகிட்ட வாயத் தொறக்காத" என்று அம்மா எனக்குச் சொல்லிவைத்தாள்.

சோளம் இடுப்பளவு வளர்ந்த சமயத்தில் ஜப்பானிய அதிகாரி ஒருவன், மொழிபெயர்க்க ஓர் ஆளுடன் லோரியில் வந்து இறங்கினான். நேராகச் சுவரிடம் போனான். யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். வேறெதையும் அவன் பார்க்கவில்லை.

"புள்ளியும் கோடுமா யாருக்கு இந்தத் தந்தி அடிக்கிறீங்கன்னு கேக்குறாரு" என்றான் கூட வந்தவன்.

"தந்தி இல்லீங்க. பிள்ளைங்க கணக்கு."

அறைந்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதிகாரி முன்வரிசைக்கு வந்து, லெட்சுமியை எழுப்பி, சுவரில் ஓர் இடத்தைக் காட்டினான். மூன்று கோடு, மேலே இரண்டு புள்ளி. "பதினேழு" என்றாள் அவள், அழுதுகொண்டே. கடைசி வரிசையில் ஒருவனைக் கேட்டான். அவனும் அதையே சொன்னான். அப்படியும் டீச்சரை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சில நாள் கழித்துத் திரும்பி வந்தவருக்கு இடது காது கேட்கவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டிருந்தது. அவர் என்ன நடந்தது என்று எங்களிடம் சொல்லாமல், விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கினார். கதிர் முற்றியதும் அவித்துப் பங்கு போட்டுத் தின்றோம். அம்மா மட்டும் லெட்சுமியை எங்கள் வீட்டுப் படி ஏறவிடவில்லை.

ஜப்பான்காரன் தோற்றதும், காட்டிலிருந்து அவனோடு சண்டை போட்டவர்கள் துப்பாக்கியோடு வந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் 'பெரட்டுக்' களத்தில் எல்லோரையும் கூட்டினார்கள். கங்காணியின் கைகளைக் கட்டி மண்டியிட வைத்திருந்தார்கள். டீச்சரை முன்னால் கூப்பிட்டு, "உங்களக் காட்டிக் குடுத்தது இவன்தானே?" என்று கேட்டார்கள். அம்மா டீச்சரின் முதுகில் இடித்தது எனக்குத் தெரிந்தது.

"நான் பாக்கல" என்றார் டீச்சர்.

"வேற யாரா இருக்கும்?"

"தெரியாதுங்க. தெரியாம ஒருத்தர் பேர எப்படிச் சொல்றது?"

அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு கங்காணியின் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். மறுநாளே கங்காணி குடும்பத்தோடு தோட்டத்தை விட்டுப் போய்விட்டார்.

அம்மா டீச்சரோடு பேச்சை நிறுத்தினாள். அப்பா திரும்பி வரவேயில்லை, அந்தக் கோபம் அவளுக்கு. ஒருநாள் சோறு வைக்கும்போது தாங்காமல் கேட்டாள்: "உங்களுக்கும் அவன் மேலதானே சந்தேகம்?"

"இருக்குக்கா. நெறையவே இருக்கு" என்றார் டீச்சர். "ஆனா எங்கிட்ட இருக்கிறது சந்தேகம் மட்டும்தான்."

இப்போது அந்தத் தோட்டத்தில் ரப்பர் இல்லை, எண்ணெய்க்குப் போடும் செம்பனை. பள்ளிக்கூடம் நின்ற இடத்தை என்னால் அடையாளம் காட்ட முடியவில்லை. டீச்சரும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சென்ற ஆண்டு மாசாயில் ஒரு கல்யாண வீட்டில் லெட்சுமியைப் பார்த்தேன். தன் அடுக்குமாடி வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தேநீர் போட்டுக் கொடுத்தாள். பிள்ளைகள், பேரன்கள் என்று பேசிவிட்டுத் திடீரென்று கேட்டாள்:

"எங்கப்பாதான்னு உங்க வீட்ல நெனச்சாங்க, இல்ல?"

நான் ஆமாம் என்றேன்.

"நானும் கேட்டேன், அவர் சாகறதுக்கு முன்னாடி. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு" என்றாள் லெட்சுமி. "ஆனா அந்த டீச்சர் பேரத்தான் என் மூத்த பொண்ணுக்கு வைக்கச் சொன்னாரு."

அடுத்த அறையிலிருந்து அந்த மூத்த மகள் கூப்பிட, "ஆரோக்கியம், இங்க வா" என்று அவள் குரல் கொடுத்தாள்.