பத்தொன்பது அடி, முப்பத்தோர் அடி

கூடப் படித்தவனை, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிட் அடித்தவனை, நடுக் கடைத்தெருவில் நிறுத்தி "வாங்க, சாப்டீங்களா?" என்று கேட்டிருக்கிறீர்களா? நான் தினமும் கேட்கிறேன். காரணம், கோல்ஃப்.

ஆரணியில் ஏது கோல்ஃப் என்று சிரிக்காதீர்கள். தேயிலை எஸ்டேட்டில் குமாஸ்தாவாக இருந்த அவன் சித்தப்பா, துரைமார் விட்டுப்போன மட்டை ஒன்றையும் இரண்டு பந்துகளையும் கொண்டுவந்து கொடுத்தார். பொங்கல் சமயத்தில் ஆற்றின் ஓரமாக ஒரு கோடு தண்ணீர் போகும், மிச்சமெல்லாம் மணல். அதில் குழிகளுக்குப் பதிலாக மூன்று பால்பவுடர் டின்களைப் புதைத்தோம்; மூன்றிலும் குறைந்த அடிகளில் பந்தைப் போடுகிறவனுக்கு ஜெயம். காலேஜ் முடித்த வருஷத்திலிருந்து காணும் பொங்கலன்று நாங்கள் இருவரும் மோதுகிறோம். தோற்றவன் அடுத்த பொங்கல் வரை ஜெயித்தவனிடம் 'ங்க' போட்டுப் பேச வேண்டும். வீட்டிலும் சரி, பஸ்ஸிலும் சரி, பெண்கள் எதிரிலும் சரி, விலக்கே கிடையாது.

முதல் இரண்டு வருஷமும் நான்தான் 'ங்க' போட்டேன். அவன் வீட்டு அரிசி மில் வாசலில் லாரிக்காரர்கள் முன்னால், "இன்னா தம்பி, மரியாத கொறயுது?" என்பான். மூன்றாவது தடவை விடக்கூடாது என்று மொட்டை மாடியில் தென்னை மட்டையால் எலுமிச்சம்பழங்களை அடித்துப் பழகினேன். அம்மா ஊறுகாய்க்கு வைத்திருந்த பழங்கள்.

முந்தின வருஷம் அடிகளை எண்ணுவதில் தகராறாகிச் சட்டை கிழிந்திருந்தது. அதனால் நடுநிலையாக ஓர் ஆள் வேண்டும் என்று, ஆற்றோரம் பல் துலக்கிக்கொண்டிருந்த நெசவாளர் ஒருவரைப் பிடித்தோம்.

"அண்ணா சொல்றதுதான் முடிவு. எதிர்த்துப் பேசினா தோத்த மாதிரி. சத்தியம் பண்றா," என்றான். பண்ணினேன், முட்டாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு பட்டு நூல் எடுத்தார். ஒவ்வோர் அடிக்கும் அவரவர் நூலில் ஒரு முடிச்சு.

அன்றைக்கு எனக்குக் கை வந்தது. அவன் மட்டையால் மணலைத்தான் கிளப்பினான், பந்து நகரவில்லை. ஒருமுறை நகர்ந்து எருமையின் முதுகில் பட்டது. அது திரும்பிப் பார்த்த பார்வையில் இவன் "சாரிங்க" என்றான்.

மூன்றாவது டின்னும் முடிந்தது. அவர் முடிச்சுகளை எண்ணினார். எனக்குப் பத்தொன்பது, அவனுக்கு முப்பத்தொன்று. நான் மணலில் குட்டிக்கரணமே அடித்துவிட்டேன்.

"இந்தத் தம்பிதான் ஜெயிச்சிது," என்று அவர் அவனைக் காட்டினார்.

"இன்னாண்ணா நீ! கம்மியா அடிச்சவன்தாண்ணா ஜெயிப்பான்!"

"கம்மியா பொடவ நெஞ்சவனுக்கு எவம்பா ஜாஸ்தி கூலி தரான்? அது வெயில்ல முப்பத்தோரு வாட்டி அடிச்சிக்கினு கெடந்துது. நீ பத்தொம்போதுல ஜல்தியா முடிச்சிட்டு குந்திக்கினு கீற."

"ரூலே அப்பிடித்தாண்ணா..."

"எதிர்த்துப் பேசிட்டான்! பேசிட்டான்!" என்று அவன் குதித்தான். "அண்ணா சொன்னா கரெக்டு!"

கோல்ஃப் ரூல் புத்தகத்தை எனக்குப் படித்துக் காட்டியவனே இவன்தான்.

நெசவாளர் முப்பத்தொரு முடிச்சு நூலை அவன் மணிக்கட்டில் கட்டிவிட்டு, "பேஜார் புடிச்ச ஆட்டம்பா," என்று கிளம்பிவிட்டார்.

இன்று காலை பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தான்.

"வணக்கங்க."

"ம்."

அடுத்த பொங்கலுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.