கால் மாத்திரை

என் அண்ணிக்குக் கொழுப்பு அதிகம் என்று கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் ரத்தப் பரிசோதனையும் அதையேதான் சொன்னது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நாத்தனார் என்று ஒருத்தி இருப்பது வேறு எதற்கு? அண்ணி சிரிக்கவில்லை. அவளுடைய அப்பா வேலைக்குப் போகிற வழியில் பஸ் சீட்டிலேயே மாரடைப்பில் போனவர். கடைசி நிறுத்தம் வரைக்கும் தூங்குகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்களாம். அந்தச் சாவு தனக்கு வரக் கூடாது என்பது ஒன்றுதான் அவளுடைய பயம்.

டாக்டர் தினமும் ராத்திரி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாமாக நிறுத்தக் கூடாது. காரணமில்லாமல் சதை வலித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ உடனே வரவேண்டும். வேறு எந்த மருந்து சாப்பிடுவதாக இருந்தாலும் முதலில் கேட்கவேண்டும் என்றார். என் அண்ணன்மேல் காட்டாத பக்தியை அண்ணி அந்த மாத்திரைமேல் காட்டினாள். அடுத்த பரிசோதனையில் கொழுப்பு நன்றாகவே இறங்கியிருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள்.

அவளுக்கு வேலை ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில், துணி வெளுக்கும் கூடத்தில். இயந்திரத்திலிருந்து ஈரப் படுக்கை விரிப்புகளை இழுத்து, சூடான உருளைக்குள் கொடுத்து, மறுபக்கம் வருவதை மடிக்கவேண்டும். அண்ணி மடித்தால் ஓரம் கையைக் கிழிக்கும் என்பார்கள். அதனால் அங்கே அவளுக்கு 'மடிப்பு' என்றே பெயர். உருளையில் விரிப்பைக் கொடுக்க இரண்டு பேர் வேண்டும். எதிரே நின்று கொடுப்பவளை எல்லோரும் 'ஜோடி' என்றார்கள்.

அந்தக் கூடத்தின் தரை காய்ந்து நான் பார்த்ததில்லை. ரப்பர் பூட்ஸுக்குள் கால் நாள் முழுக்க ஊறும். நகம் மஞ்சளாகித் தடித்துப்போகும், விரலிடுக்கு வெடிக்கும். அங்கே அதற்கு நோய் என்று பெயரில்லை. சீருடை மாதிரி வேலையோடு கூட வருவது. எந்தக் காலத்திலோ யாருக்கோ ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த பூஞ்சை மாத்திரையை மொத்தமாக வாங்கி ஆளுக்கொரு அட்டையாகப் பிரித்துக்கொள்வார்கள். அதன் பெயர்கூட யாருக்கும் தெரியாது. கால் மாத்திரை, அவ்வளவுதான். வேலைக்கு வந்ததும் கண்ணில் படவேண்டுமென்று பூட்ஸுக்குள்ளேயே செருகி வைத்துவிட்டுப் போவார்கள்.

அண்ணியின் பூட்ஸுக்குள்ளும் அப்படி ஓர் அட்டை வந்திருந்த சமயத்தில்தான் வழக்கமான பரிசோதனைக்கு நானும் கூடப் போயிருந்தேன். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றாள் அண்ணி. அவள் பொய் சொல்லவில்லை. அவள் கணக்கில் அது மருந்தே இல்லை.

கொஞ்ச நாளில் தொடையும் தோளும் வலிக்க ஆரம்பித்தன. வெயில் காலத்தில் உருளைக்குப் பக்கத்தில் நின்றால் யாருக்கு வலிக்காது என்று ஜோடி சொல்லியிருக்கிறாள். சிறுநீர் கறுத்தது. கோடையில் அங்கே எல்லோருக்கும் அப்படித்தான், உப்புத் தண்ணீர் குடி என்றார்கள். குடித்தாள். எனக்குத் தெரிந்தது, அவள் என்னிடம் சீப்பை நீட்டித் தலைவாரிவிடச் சொன்ன காலையில்தான். கையைத் தூக்க முடியவில்லை. டாக்டர் படித்துப் படித்துச் சொன்னாரே என்று கத்தினேன்.

"காரணமில்லாம வலிச்சாத்தானே வரச் சொன்னாரு? எனக்குத்தான் காரணம் இருக்கே, வேலை செய்யறேனே" என்றாள்.

அன்றைக்கே அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். சதை கரைந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிட்டது என்றார்கள். ஒரு வருடமாக ஒத்துக்கொண்ட மாத்திரை இன்றைக்கு ஏன் இப்படிச் செய்யவேண்டும், புதிதாக ஏதோ உள்ளே போயிருக்கிறது என்று டாக்டர் விடாமல் கேட்டார். நான் கூடத்துக்குப் போய் நின்றேன். ஜோடி அண்ணியின் பூட்ஸை எடுத்து என் கையில் கொடுத்தாள். உள்ளே கால் மாத்திரை அட்டை இருந்தது.

அட்டையைத் திருப்பிப் பார்த்த டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இது உள்ள இருந்தா அந்தக் கொழுப்பு மாத்திரை உடம்பை விட்டுப் போகாதும்மா, சேர்ந்துக்கிட்டே இருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இது முடியற வரைக்கும் அதை நிறுத்தி வெச்சிருப்பேன்."

யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. திட்டத் தெரியாதவளா நான்? டாக்டர் கேட்டார், அண்ணி பதில் சொன்னாள், ஜோடி நல்லதை நினைத்துத்தான் சொன்னாள். பட்ட காலிலே படும் என்பார்கள். அண்ணிக்குக் காலில் பட்டது உடம்பு முழுக்க ஏறிவிட்டது. சிறுநீரகம் திரும்பவில்லை. வாரத்தில் பாதி நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு கிடக்கிறாள். கூடத்தில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

ஒருநாள் ஜோடி வந்தாள். ஹோட்டலில் கழித்துவிட்ட விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். அவள் போனபின் அண்ணி அதை மடியில் போட்டு மடிக்கப் பார்த்தாள். கைகள் பாதி உயரம் போய்க் கீழே விழுந்தன. மறுபடி தூக்கினாள். மறுபடி விழுந்தன. எதையாவது சொல்லித் தேற்றவேண்டுமே என்று, இருதயம் முதல்தரமாக இருக்கிறதென்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டுப் போனதை எடுத்துச் சொன்னேன்.

அண்ணி விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா குடுத்து வெச்சவரு" என்றாள்.

விரிப்பை அவள் மடியிலிருந்து வாங்கி நானே மடித்தேன். கோணலாகத்தான் வந்தது.