ஒன்பதை மறைத்த சீட்டு

அச்சகத்தில் எல்லோருக்கும் அவள் பசையக்காதான். பதினொரு வருடமாகப் புத்தகம் கட்டும் பிரிவில் வேலை. அட்டை ஒட்டுவது, விட்டுப்போன தாளைச் சேர்ப்பது, தப்பாக அச்சான வரியின் மேல் திருத்தச் சீட்டு ஒட்டுவது எல்லாம் அவள் கைதான். "அக்கா ஒட்டினா ஒட்டினதுதான், நகத்தால சுரண்டினாலும் வராது" என்று மெஷின்காரர் புதிதாக வருகிறவர்களிடம் பெருமையடிப்பார்.

அந்த வாரம் ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகம் பன்னிரண்டாயிரம் பிரதி மலைபோல் வந்து குவிந்தது. 'சூரியக் குடும்பத்தில் ஒன்பது கோள்கள் உள்ளன' என்ற வரியை மறைத்து விரலகலச் சீட்டு ஒட்ட வேண்டும். சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: 'சூரியக் குடும்பத்தில் எட்டுக் கோள்கள் உள்ளன. புளூட்டோ ஒரு குறுங்கோள்.'

ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை.

மதியச் சாப்பாட்டின்போது அதுவே பேச்சாயிற்று.

"ஒன்பதாவது எங்க போச்சு?" என்று கேட்டாள் புத்தகம் தைப்பவள்.

"எங்கயும் போகல. அங்கேயேதான் சுத்திக்கிட்டு இருக்காம்" என்றார் மெஷின்காரர். "விஞ்ஞானிங்க எல்லாம் ஒரு மண்டபத்துல கூடி, கை தூக்கி ஓட்டுப் போட்டு எடுத்துட்டாங்க. அதுலயும் பாதிப் பேருக்குச் சம்மதமில்லையாம். இன்னும் சண்டை ஓயல."

"உருண்டையா இருக்கு, சூரியனைச் சுத்துது" என்றாள் தைப்பவள். " இதுக்கு மேல அதுகிட்ட என்னத்த எதிர்பாக்குறாங்க? எங்க மாமியார் மாதிரியில்ல இருக்கு. என்ன செஞ்சாலும் மருமகள்னு ஒத்துக்கவே மாட்டாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். பசையக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஒரு சாயங்காலம் அப்பாவும் பெரியப்பாவும் அத்தையும் கூடத்தில் உட்கார்ந்து ஏதோ பேசி முடித்தார்கள். அவள் உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் பள்ளிக்கூடப் பையைத் தேடினால், அது தம்பி தோளில் தொங்கியது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது இந்த வயதிலும் உறுத்துகிறது.

இந்த ஒன்றையாவது கேட்டுவிட வேண்டும் என்று வீட்டுக்குப் போனதும் மகளிடம் கேட்டாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் மகள்தான். மறுநாள் பரீட்சை, அவள் புத்தகத்திலிருந்து தலை நிமிரவில்லை.

"அது பெரிய கதைம்மா. உனக்குச் சொன்னாப் புரியாது."

மகள் மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஆனாலும் அந்த 'உனக்கு' விரலில் ஏறிய மரச்சிலாம்பு போல உள்ளேயே நின்றது.

மறுநாள் அச்சகத்தில் பசையக்காவின் கை தன் பழக்கத்தை விட்டது. சீட்டின் மேல் விளிம்பில் மட்டும் பசை தடவினாள். தூக்கினால் ஜன்னல் கதவு போலத் திறந்தது. அடியில் பழைய வரி முழுசாகத் தெரிந்தது. நானூறு புத்தகத்துக்கு அப்படியே ஒட்டிவிட்டாள். அப்புறம்தான் சூப்பர்வைசர் ஒன்றைப் புரட்டினார்.

"அக்கா! இது உங்க கைவேலைதானா? காத்தடிச்சாப் பறக்குது!"

"அடியில என்ன இருந்ததுன்னு பிள்ளைங்க பாக்கட்டுமே சார். எதை எடுத்தாங்கன்னே தெரியலன்னா, ஏன் எடுத்தாங்கன்னு எப்படிக் கேக்கும்?"

"நல்லாயிருக்கே! பாடநூலை நீங்க திருத்துறீங்களா? சாயங்காலத்துக்குள்ள நானூறும் சரியாகணும். இன்னொரு தடவை இப்படிச் செஞ்சா சீட்டு ஒட்டுறது வேற ஆள்தான்." நாலு எட்டு நடந்தவர் திரும்பினார். "ஏன்ங்கிறதெல்லாம் ஒன்பதாம் வகுப்புப் பாடத்துல வருது. ஆறாவதுக்கு இது போதும்னு பாடம் எழுதினவங்களே சொல்லிட்டாங்க."

ஒன்பதாம் வகுப்பு. தனக்கு வேண்டிய பதில் மட்டும் எப்போதும் தான் ஏறாத படியில்தான் போய் உட்காருமோ என்று நினைத்தபடி, ஒவ்வொரு சீட்டாகத் தூக்கி, பசை தடவி, அழுத்தினாள்.

நானூறும் முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு மெஷின் அறைக்குப் போனாள்.

"அண்ணே, ஒன்பதாம் வகுப்பு அறிவியல் ஓடுதா?"

"மூணாவது ஃபாரம் இப்பத்தான் இறங்குச்சு. மை ஈரம், கை வச்சிடாதீங்க. எதுக்கு?"

"படிக்கத்தான்."

ஃபாரம் என்பது மடித்து வெட்டாத பெரிய தாள். ஒரு புறத்துக்கு எட்டுப் பக்கம். பாதி நேராக, பாதி தலைகீழாக. மடித்த பிறகுதான் பக்கங்கள் வரிசைக்கு வரும். அவள் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் நாற்பத்தெட்டாம் பக்கத்தில் புளூட்டோ என்ற பெயரைக் கண்டுபிடித்தாள். எழுத்துக்கூட்டி வாய்விட்டே படித்தாள்.

"கோள் எனப்படுவதற்கு மூன்று நிபந்தனைகள். ஒன்று, அது சூரியனைச் சுற்றிவர வேண்டும்."

"சுத்துது" என்றார் மெஷின்காரர்.

"இரண்டு, ஏறக்குறைய உருண்டை வடிவில் இருக்க வேண்டும்."

"இருக்கு."

"மூன்று, தனது சுற்றுப்பாதையில்..."

பக்கம் அதோடு முடிந்துவிட்டது. அவள் இன்னொரு சுற்று வந்தாள். அவர் தாளின் இரண்டு மூலையைப் பிடித்துத் தூக்கி மறுபுறத்தையும் காட்டினார். அங்கும் இல்லை.

"மீதி நாலாவது ஃபாரம். நாளைக்குத்தான் ஓடும். நான் வேணும்னா சொல்லட்டுமா? பாதையில கூடத் திரியிற கல்லு கட்டியையெல்லாம்..."

"வேணாம்ணே, சொல்லாதீங்க. நானே படிச்சுக்கிறேன். நாளைக்கு எத்தனை மணிக்கு மெஷின் போடுவீங்க?"

"ஏழரைக்கு. உங்களுக்கு ஒன்பதுக்குத்தானே வேலை?"

"இருக்கட்டும். ஒரு ஓரமா நின்னுக்கிறேன்."