தளம் வரைக்கும் காசு வரணும்

கட்டற வீட்டுக்கு எவ்வளவு ஆகும்னு முன்கூட்டியே சொல்றவங்களை யாருக்குமே பிடிக்காதுங்க. எங்க வீட்டுக்காரர் விழுப்புரத்துல மேஸ்திரி. யார் என்ன கேட்டாலும் "செஞ்சிடலாம்"னுடுவார். எட்டாவது வரைக்கும் படிச்ச நான்தான் இடுப்புல குழந்தையோட எஸ்டிமேட் எழுதறேன். கட்டட வேலைக்காரருக்கு வாக்கப்பட்டவங்களுக்கு என் வயித்தெரிச்சல் புரியும்.

போன வருஷம் திண்டிவனத்துல அமுதாக்கா வீட்டு வேலை. அவங்க தையல்காரங்க. மேல் தளம் போட்டாத்தான் பேங்க் அடுத்த தவணை கொடுக்கும். அதுவரைக்கும் கையில இருக்கற காசுதான். நடுவுல தீர்ந்தா வீடு மொட்டைச் சுவரா நிக்கும்.

பக்கத்து வீட்டை விட ஒரு அடி

எங்க பக்கம் புது வீட்டுத் தரை, பக்கத்து வீட்டுத் தரையை விட உசரமா இருக்கணும். இல்லன்னா மழைத்தண்ணி உள்ள வரும், மானம் வெளிய போயிடும். அஸ்திவாரம் முடிஞ்ச அன்னைக்கு அமுதாக்கா, "இன்னும் ஒரு அடி தூக்கிடுங்க மேஸ்திரி"ன்னாங்க. இவர் வழக்கம்போல "செஞ்சிடலாம்"னுட்டார்.

நாலு பேர் எதிர்ல எனக்கு வாய் வராது. செங்கல் அடுக்குக்குப் பின்னால நின்னு துண்டுச்சீட்டுல எழுதினேன். கிராவல் மண்ணு மூணு டிப்பர், செங்கல் ஆயிரத்தைந்நூறு, சிமெண்ட், கூலி. எல்லாம் சேர்த்து நாப்பத்தஞ்சாயிரம் கூட ஆகும், தளத்துக்குக் காசு பத்தாது. அக்காகிட்ட நீட்டினேன். இவர் முறைச்சார். அக்கா ரெண்டு தடவை படிச்சுட்டு அரை அடிக்கு இறங்கி வந்தாங்க. போகும்போது என்னைப் பாத்து, "ஏம்மா, வாயால சொன்னா அதுக்கும் காசு கேப்பாங்களா?"

துண்டுக் கம்பி

தளம் போட ரெண்டு நாள்தான் இருக்குது. கான்கிரீட்டைத் தாங்க அடிச்ச பலகைக்கு வாடகை ஓடிக்கினு இருக்குது. கம்பி கட்டற ரவி மேலருந்து, கம்பி பத்தலைன்னு குரல் கொடுத்தார். தப்பு என்னுதுதான். மொத்த நீளத்தை மட்டும் கணக்கு போட்டிருந்தேன். நாப்பதடி கம்பியை முப்பதடியா வெட்டினா பத்தடி துண்டு வீணா நிக்கும். ஒண்ணு மேல ஒண்ணு ஏத்திக் கட்டவும் கம்பி வேணும். ரெண்டையும் சேர்க்கலை.

மிச்சக் காசு கான்கிரீட்டுக்கே சரி. ரவி கீழ எறங்கி வந்து இவர்கிட்ட மெதுவா, "இதுக்கு இன்னாத்துக்கு பேஜாரு மேஸ்திரி? ஆறு இஞ்சுக்கு ஒண்ணு கட்றதை எட்டு இஞ்சுக்குத் தள்ளிடலாம். மேல கான்கிரீட் வந்தா எவன் பாக்கப் போறான்?"

அக்கா கேட்ட போர்ட்டிகோ

இதுக்கும் இவர் "செஞ்சிடலாம்"னுடுவார். அதான் பயமா இருந்துச்சு. அந்தத் தளத்துக்குக் கீழ அக்காவோட ரெண்டு பொண்ணுங்க படுக்கும். "வேணாங்க"ன்னேன். "அப்ப நீயே போய் அவங்ககிட்ட சொல்லு"ன்னு திரும்பிக்கினார்.

அக்கா ஆசைப்பட்டுக் கேட்ட போர்ட்டிகோவுக்கு வாங்கின கம்பி ஓரமா கிடந்துச்சு. அதை எடுத்துப் போட்டா வீட்டுக்குச் சரியாயிடும். தையல் மிஷின் எதிர்ல போய் நின்னேன். "கணக்குல தப்பு பண்ணிட்டேங்க்கா. போர்ட்டிகோவை இப்ப விட்டுடுங்க. வீட்டுக் கம்பியில மட்டும் குறைக்க வேணாம்." அக்கா மிஷினை நிறுத்தலை. ஒரு தையல் முழுக்க ஓடி முடிஞ்சுது. அப்புறம் நூலைக் கடிச்சுக்கினே, "வாசல்ல நனைஞ்சா துவட்டிக்கலாம். உள்ள தலைமேல விழாம இருந்தா போதும், போய் கட்டச் சொல்லு."

தளம் போட்டாச்சு, பேங்க் தவணையும் வந்துடுச்சு. நாளைக்கு வரப்போற சண்டையை இன்னைக்கே போட்டு முடிக்கிற உத்தியோகம், பயந்தாங்கொள்ளியான எனக்குத்தான் வாய்ச்சிருக்குதுங்க.