சூசை கொண்டுபோன பார்லி வைன்

ஈப்போ குனோங் ராபாட்டில் புதிதாகத் திறந்த கடையொன்றில் போன வாரம் மகன் ஒரு கிளாஸை என் பக்கம் தள்ளினான். உள்ளே கன்னங்கரேலென்று ஏதோ. முகர்ந்தேன். கருகிய சீனி வாசம், கூடவே ஊறிய தானிய வாசம். "ஸ்ட்ராங் ஏல் பா, பீருதான். வைன் மாதிரி ஏறும், பாத்து லா" என்றான். எனக்கா சொல்கிறான்! நான் அதில் குளித்தே இருக்கிறேன்.

சூசை என் கூட்டாளி. இளவயதில் ஈப்போவில் ஒரே பட்டறையில் வேலை பார்த்தோம். சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்த ரீத்தாமேல் அவனுக்குக் காதல். அவள் அப்பா தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. பீர் வாசம் பட்டாலே ஆளை வாசலோடு அனுப்பிவிடுவார். ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளையை அப்படித்தான் அனுப்பியிருந்தார். வைன் மட்டும் பரவாயில்லை, அது வேதத்திலேயே இருக்கிறதாம். ஆகவே பெண் கேட்கப் போகும் ஞாயிற்றுக்கிழமைக்காகச் சூசை ஒரு பாட்டில் வாங்கினான். லேபிளில் 'பார்லி வைன்' என்று இருந்தது. இவன் இரண்டாவது வார்த்தையை மட்டும் படித்தான்.

வைன் என்பது பழச்சாறு புளித்து வருவது. இதுவோ பார்லியை முளைக்கவிட்டு, உலர்த்தி, வேகவைத்துப் புளிக்கவைத்த பீர். வைன் அளவுக்கு வேகம் இருப்பதால் அந்தப் பெயரை ஒட்டிவிட்டார்கள். இதெல்லாம் எங்களுக்கு எங்கே தெரியும்? வைன் சாது. இதற்கு வயிறெல்லாம் நுரை. அதை மடியில் வைத்துக்கொண்டு, பழைய சாலையில் ஒரு குழி விடாமல் மோட்டார் சைக்கிளில் குலுங்கிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம்.

கிராணி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னாப்பா, வைனுக்குச் சோடா மூடி?"

"இப்பல்லாம் அப்படித்தான் வருது மாமா" என்றான் சூசை.

திறந்ததுதான் தாமதம். பாதி என் சட்டையில், கொஞ்சம் மாமாவின் மூக்குக் கண்ணாடியில். அதைத் துடைக்காமலே மோந்து பார்த்தார். "இது பீருடா!"

நான் என் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டேன். உள்ளேயிருந்து வந்த ரீத்தா பாட்டிலை எடுத்து நீட்டினாள். "வைன்னுதான் போட்டிருக்குப்பா. நீங்களே படிங்க."

படித்தார். அச்சில் இருப்பதை மறுத்துப் பழக்கமில்லாத மனிதர். ஒரு மடக்கு குடித்து யோசித்தார். இன்னொரு மடக்கு. மிச்சம் முழுவதையும் அவரே யோசித்து முடித்தார். காது மடல் சிவந்துவிட்டது.

"தம்பி, கல்யாணத்துக்கு ஒரு பய பீரு கொண்டாரக் கூடாது. இந்த வைனே போதும் லா" என்றார்.

மாமா இப்போது இல்லை. சூசையும் ரீத்தாவும் ஜொகூருக்கு, மகள் வீட்டோடு போய்விட்டார்கள். அண்மையில் சுங்காய் வழியாக வந்தபோது சும்மா வண்டியை உள்ளே திருப்பினேன். கிராணி வீடு இருந்த மேடு வரைக்கும் ரப்பர் போய்ச் செம்பனை மரங்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்களின் சுவடே இல்லை. கேட்டில் நின்ற வெளிநாட்டுக் காவலாளி, "பாக்சிக், சாரி சியாப்பா?" என்றார். யாரைத் தேடுகிறேன் என்று எந்தப் பெயரைச் சொல்வது? வழி தவறி வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினேன்.