பதில் எழுதாத ஆள்

ரோசாவுக்கு அமெரிக்கப் பிள்ளைகளைப் பிடிக்காது. அவர்களில் ஒருவரையும் அவள் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதைப் படிப்பதுதான் அவள் வேலை. நமக்கு விடியும் நேரத்தில் அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு இணைய விளையாட்டில் உட்காருகிறார்கள். விளையாடிக்கொண்டே எழுதித் தள்ளுகிறார்கள். அந்த வரிகளில் எது வெறும் கிண்டல், எது துன்புறுத்தல் என்று பிரிக்க வேண்டும். கிண்டல் என்றால் ‘பாஸ்’, துன்புறுத்தல் என்றால் ‘ரிமூவ்’. புதுச்சேரியில் ஒரு துணிக்கடையின் மாடியில் இதற்காகவே ஓர் அலுவலகம் நடக்கிறது.

முன்பு அவள் கடற்கரைப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் வரவேற்பில் இருந்தாள். அங்கே வந்தவர்கள் பேசியதில் பாதி அவளுக்குப் புரிந்ததில்லை. எதிரில் ஒரு முகம் இருந்ததால் சமாளித்தாள். விடுதி கைமாறியபோது வேலை போனது. கணவன் சவரிராயன் சேதராப்பட்டில் பிளாஸ்டிக் வார்க்கும் ஒரு பட்டறையில் ஒப்பந்தக் கூலி. போன வருடம் இயந்திரத்தில் மாட்டி அவனுடைய வலது கை விரல்கள் மடங்கிப்போயின. அறுவை சிகிச்சை செய்தால் நிமிரும் என்றார்கள். பட்டறைக்காரர்கள் அவன் யாரென்றே தெரியாததுபோல் இருந்துவிட்டார்கள். ரோசாவின் வேலை நிரந்தரமானால் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு கிடைக்கும். தகுதிகாண் காலத்தில் மூன்று பிழைகள் விழுந்தால் நிரந்தரம் இல்லை, வேலையும் இல்லை.

அதனால் அந்தப் பாஷையை அவள் வெறுப்போடு கற்றாள். ‘நோ கேப்’ என்றால் பொய்யில்லை. ‘மிட்’ என்றால் சுமார். ‘செத்தேன்’ என்று எழுதினால் சிரிக்கிறான் என்று அர்த்தம். ஒரு சொல் பழகுவதற்குள் அது பழசாகிவிடும். அதைச் சொல்பவனே கேலிக்கு ஆளாவான். இவை பொருளைச் சொல்வதற்காகப் பிறந்த சொற்கள் இல்லை என்பது அவளுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. யார் உள்ளே, யார் வெளியே என்று கதவில் நின்று பிரிக்கிற சொற்கள் அவை. பெரியவர்களும் அதையேதான் செய்கிறார்கள். கொஞ்சம் மெதுவாகச் செய்கிறார்கள்.

ஆகவே சொற்களை விட்டுவிட்டு அவள் வேறொன்றைப் பார்த்தாள். திட்டு வாங்கியவன் திருப்பித் திட்டுகிறானா? திட்டினால் நண்பர்கள், பாஸ். ஒருவன் மட்டும் பேசாமல் இருக்க மற்றவர்கள் எழுதிக்கொண்டே போனால், ரிமூவ். இந்த வழி அவளைப் பல மாதம் காப்பாற்றியது. பிறகு இதுவே முதல் பிழையைக் கொண்டுவந்தது.

ஒரு பெண்பிள்ளையை ஐந்து பேர் சேர்ந்து ‘என்பிசி’ என்று அழைத்துக்கொண்டிருந்தார்கள். விளையாட்டில் யாரும் இயக்காத பொம்மை மனிதர்கள் உண்டு. கடைக்காரன், காவல்காரன் என்று ஓரமாக நிற்பார்கள். எத்தனை முறை போய்ப் பேசினாலும் அதே இரண்டு வரிகளைச் சொல்வார்கள். அவர்களுக்குத்தான் அந்தப் பெயர். உயிருள்ள ஒருவரைப் பார்த்துச் சொன்னால், உனக்குள்ளே யாரும் இல்லை என்று பொருள். கெட்ட வார்த்தை சொல்பவன்கூட எதிரில் ஓர் ஆள் இருப்பதை ஒப்புக்கொள்கிறான். இது அதையும் ஒப்புக்கொள்ளாத சொல். ரோசா ரிமூவ் போட்டாள். முடிவுகளைச் சரிபார்க்கும் தணிக்கையில் பிழை என்று திரும்பி வந்தது. அவள் மேல்முறையீடு செய்தாள்.

குழுத் தலைவன் வினோத்குமார் அவளைவிடப் பதினைந்து வயதாவது இளையவன். “ரோசாக்கா, இதுல தப்பா ஒரு வார்த்தகூட இல்லியே. ஏன் ரிமூவ் போட்டீங்க?”

“அந்தப் புள்ள பதிலே எழுதல தம்பி. அஞ்சு பேர் மாறி மாறி எழுதறாங்க, அது ஒரு வரி எழுதல.”

“எழுதாததுக்கெல்லாம் எப்படிக்கா ரிமூவ் போடறது? எழுதனதுக்குத்தான் போட முடியும்.”

பக்கத்து நாற்காலியிலிருந்து சிந்துஜா திரும்பினாள். “இது சர்ச்சுல பாவமன்னிப்பு கேக்கற பெட்டி இல்லக்கா. பாஸ் போட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க.”

மேல்முறையீடு தள்ளுபடியானது. அடுத்த மாதம் இன்னொரு பையனுக்காக அதேபோல் இரண்டாவது பிழை விழுந்தது. அன்றிலிருந்து அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ரோசாவுக்கே ‘என்பிசி’ என்ற பெயர் வந்தது.

அவள் தினமும் காலையில் உள்ளே வரும்போது, “குட் மார்னிங், சாப்டீங்களா?” என்று பொதுவாகக் கேட்பாள். விடுதியில் இருந்த காலத்துப் பழக்கம். அவள் பையை வைப்பதற்குள் குழுவில் செய்தி வரும். ‘என்பிசி வந்து எறங்கிடுச்சு ப்ரோ.’ ‘இன்னிக்கும் அதே டயலாக்.’ ‘அப்டேட் இன்னும் வரல.’ ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.’ அவளும் அந்தக் குழுவில் இருந்தாள். அவளுக்குப் புரியும் என்று தெரிந்துதான் எழுதினார்கள். புரியாவிட்டால் அதில் என்ன சுவை?

“கோவமாக்கா? சும்மா ஃபன்னு” என்பாள் சிந்துஜா. ரோசா சிரித்துவைப்பாள். அவளை நிரந்தரமாக்கும் அறிக்கையை வினோத்குமார்தான் எழுத வேண்டும். ‘சாப்டீங்களா’ என்ற கேள்வியையும் அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அதற்கும் ஒரு செய்தி வரும்.

வியாழக்கிழமைதோறும் ஒரு கூட்டம் உண்டு. குழுவில் ஒருவர், முறைவைத்து, ஓர் உரையாடலைக் கொண்டுவந்து திரையில் போட வேண்டும். ஒவ்வொருவரும் வாய்விட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள். கொண்டுவந்தவர் கடைசியில் சொல்வார். பெரும்பான்மை சொன்னதுதான் சரியான விடை. மாறிச் சொன்னவருக்குப் பிழை. வேலை கொடுக்கும் நிறுவனத்தின் சார்பில் அமெரிக்காவிலிருந்து ஓர் அம்மாள் திரையின் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

ரோசாவின் முறை வந்தபோது, அவள் வாட்ஸ்அப் குழுவில் வந்த வரிகளை எடுத்துக்கொண்டாள். தன் ‘சாப்டீங்களா’வுக்குப் பதிலாக, வார விடுமுறை எப்படிப் போனது என்று திங்கள்தோறும் கேட்கும் ஒரு பள்ளிப் பெண்ணை வைத்தாள். மற்றதையெல்லாம் அமெரிக்கப் பிள்ளைகள் எழுதுவதுபோலவே, எழுத்துகளை விழுங்கி, முற்றுப்புள்ளி இல்லாமல் மாற்றினாள். பெயர்களை எடுத்துவிட்டாள். பெயர் இல்லாமல் பார்த்தால் இவர்களுக்கே தெரிந்துவிடும், ரிமூவ் என்று தங்கள் வாயாலேயே சொல்வார்கள் என்பது அவள் கணக்கு. மனிதர்கள் தங்கள் செயலை அடையாளம் தெரியாமல் பார்த்தால் நியாயமாகத் தீர்ப்பார்கள் என்ற நம்பிக்கை மிகப் பழையது. அது பலித்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

உரையாடல் திரையில் ஏறியது.

“பாஸ்” என்றாள் சிந்துஜா.

“பாஸ்.” “பாஸ்.” மற்ற இருவரும் அவளைத் தொடர்ந்தார்கள்.

வினோத்குமார் திரையை மட்டும் பார்த்துக்கொண்டு, “பாஸ். ஃப்ரெண்ட்ஸுக்குள்ள கலாய்க்கறது” என்றான்.

ரோசாவின் முறை. சவரிராயனின் மடங்கிய விரல்கள் அவள் நினைவுக்கு வந்தனவா என்று கேட்டால், வந்தன என்றுதான் சொல்வாள். அப்படியும், “ரிமூவ்” என்றாள்.

அமெரிக்க அம்மாள் மைக்கைத் திறந்து, மிக உயிரோட்டமான உதாரணம், அங்கே பிள்ளைகள் அச்சாக இப்படித்தான் எழுதுகிறார்கள் என்று பாராட்டிவிட்டுப் போய்விட்டார்.

திரை அணைந்ததும் வினோத்குமார் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான். “மாத்திக்கோங்கக்கா. நான் இன்னும் ரிசல்ட்ட அனுப்பல. இது மூணாவது.”

“அது யாரு எழுதனதுன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும். மொத வரியிலயே தெரிஞ்சிடுச்சு.”

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. “தெரிஞ்சேவா பாஸ் போட்ட?”

“வேற என்ன போடச் சொல்றீங்க? ரிமூவ் போட்டா நாங்க பண்ணது தப்புன்னு நாங்களே எழுதிக் குடுத்த மாதிரி. அதுவும் அந்த லேடி எதிர்ல.”

சிந்துஜா எழுந்தே வந்துவிட்டாள். “புடிக்கலன்னா ஒரு நாளாவது வாயத் தொறந்து சொன்னீங்களா? திருப்பி ரெண்டு கலாய்ச்சிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். எல்லாத்துக்கும் சிரிச்சிட்டு இருந்துட்டு, இப்ப எங்களுக்குப் பரீட்ச வெக்கறீங்களா? நீங்க மட்டும் பெரிய நல்லவங்களா?”

அவள் சொன்னதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. வலிக்கிறது என்று சொல்லும் பொறுப்பை வலி வாங்குபவர் தலையிலேயே கட்டுவது உலகத்துக்கு வசதியான ஏற்பாடு. ஆனால் ரோசாவும் அந்தப் பொறுப்பை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் இந்தக் கூட்டத்துக்கு வந்தாள்.

“இப்ப சொல்றேன்” என்றாள் ரோசா. “புடிக்கல. ஒரு நாள்கூடப் புடிக்கல. தெனமும் படியேறும்போதே, இன்னிக்கு என்ன எழுதப்போறியோன்னு நெனச்சிக்கிட்டேதான் வருவேன். ஓட்டு அப்படியே போகட்டும் வினோத்.”

“அப்புறம் உங்க இஷ்டம். ஐடி கார்டக் குடுத்துட்டுப் போங்க.”

அவளைத் துணிச்சல்காரி என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அந்த நான்கு பேர் அவளுக்காகப் பேசியிருந்தால் அவள் பேசியே இருக்கமாட்டாள். யாரும் பேசாததால் பேசினாள். துணிச்சல் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படி வேறு வழியில்லாமல் வருவதுதானோ என்னவோ.

கருவடிக்குப்பத்தில் வீட்டுக்கு வந்தபோது சவரிராயன் இடது கையால் சோறு பிசைந்துகொண்டிருந்தான். நடந்ததைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டான்.

“அப்படி என்னதான் சொன்னாங்க உன்ன?”

“கேம்ல ஒரு ஓரமா நிக்கும்ல, பொம்ம ஆளு. சொன்னதையே சொல்லிக்கிட்டு. அதுன்னு.”

“பொம்மன்னா?”

“ம்.”

“அவ்ளோதானா?” பிசைவதை நிறுத்திவிட்டான். “இதுக்கா வேலைய உட்டுட்டு வந்த? கம்பெனில என்ன எப்படியெல்லாம் கூப்புடுவானுங்க தெரியுமா உனக்கு? அம்மா, அக்கா எல்லாம் இழுப்பானுங்க. நான் உட்டுட்டு வந்தனா?”

அவளுக்கு அந்தச் சொல்லின் கூர்மை முழுக்கத் தெரியும். அவனுக்குப் புரியும்படி அதைத் தமிழில் சொல்ல ஒரு முறை வாயெடுத்தாள். சொல்லச் சொல்ல அது இன்னும் அற்பமாகத்தான் ஆகும் என்று தோன்றியது.

“நாளைக்கு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்றாள். “காலையிலயே போனாத்தான் சீட்டு கெடைக்கும்.”

“எனக்கு ஒன்னும் வாணாம்.”

“வாணாம்னா உட்டுடு” என்று சொல்லிவிட்டு, அவன் பழைய எக்ஸ்ரே எங்கே இருக்கிறது என்று பீரோவில் தேடத் தொடங்கினாள்.