கல்யாணத் தலையணையும் என் ட்ரம்ஸும்

என் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் நடந்த ஒரே சண்டை ட்ரம்ஸைப் பற்றியது. நகை, புடவை, மண்டபம் எதிலும் நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா காட்டிய புடவைக்கெல்லாம் தலையாட்டினேன். ஆனால் சீர்வரிசைப் பேச்சு வந்த அன்று, "கட்டில், மெத்தை, பீரோவோட என் மைக்கும், நான் வாங்கப் போற ட்ரம்ஸும் வரும்" என்று சொல்லிவிட்டேன். அம்மா குழம்பு கிண்டிய கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏண்டி, சீர்ல கொட்டடிக்கிற சாமான வச்சா சம்பந்தி வீட்டு ஆளுக என்ன நெனைப்பாக? பொம்பளப்புள்ள சட்டி பானையோட போவாளா, கொட்டோட போவாளா?"

"ரெண்டோடயும் போவேன்."

மாப்பிள்ளை வீடு போடிமெட்டு தாண்டி, கேரளப் பக்கம் ஏலத்தோட்டத்தில். நம் பக்கத்து ஆட்கள்தான், தாத்தா காலத்திலேயே மலையேறியவர்கள். மாப்பிள்ளையிடம் போனில் கேட்டேன். "எனக்குச் சம்மதந்தான். எங்கம்மாகிட்ட மட்டும் நீயே பேசிக்க" என்றார். அடேயப்பா, எனக்கு வாய்த்த வீரன்! போனை வைத்துவிட்டேன்.

கடைசியில் அம்மாவே ஒரு வழி சொன்னாள். நான் வீட்டில் உட்கார்ந்து ஒரு பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். "வரவேற்பு அன்னிக்கு மண்டபத்துல அந்தப் பாட்டப் போடு. சம்பந்தியம்மா மொகஞ்சுளிக்காமக் கேட்டா, எடுத்துட்டுப் போ. சுளிச்சா, அந்தச் சாமான் இங்கனயே கெடக்கட்டும். அங்க போயி ட்ரம்ஸு ட்ரம்ஸுன்னு பேச்செடுக்கக் கூடாது." சரி என்றேன். ரோஷத்தில் சொன்னதுதான். அறைக்குள் போய்ப் பாட்டைப் போட்டுக் கேட்டேன். என் குரல் நன்றாக இருந்தது, கிடார் நன்றாக இருந்தது, ட்ரம்ஸ்தான் படு மோசம்.

அதுவரை எல்லாம் லேப்டாப் ட்ரம்ஸ். சாஃப்ட்வேருக்குள் விதவிதமான செட்டுகள் இருந்தன. பெரிய அரங்கில் அடித்தது, சின்ன அறையில் அடித்தது, பழைய காலத்து ஒலி என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். தனியாகக் கேட்டால் ஜோராக இருக்கும். பாட்டோடு சேர்த்தால் அச்சில் வார்த்தது போல ஒவ்வொரு அடியும் ஒரே கனத்தில் விழும். மனுஷக் கை அப்படி அடிக்காது. ஓர் அடி அழுத்தி விழும், அடுத்தது கொஞ்சம் சோம்பேறியாக வரும். அதனால் ஒவ்வோர் அடியின் கனத்தையும் மாற்றினேன், சில அடிகளை ஒரு மயிரிழை தள்ளி வைத்தேன். கண் வலித்ததுதான் மிச்சம். அம்மாவைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டேன்.

"தகரக் கொட்டாயில ஆலங்கட்டி விழுந்த மாதிரி இருக்கு" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் சொன்னது அப்பட்டமான உண்மை என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.

மதுரைக்குப் போய், பழைய வாத்தியம் விற்கிற ஒருவரிடம் ஒரு ஸ்னேரும் ஒரு கிக்கும் வாங்கினேன். ஸ்னேர் என்பது அடியில் கம்பி கட்டிய சின்ன ட்ரம். கிக் என்பது காலால் மிதித்து அடிக்கிற பெரிய ட்ரம். மதுரையில் கல்லூரியில் படித்த காலத்தில் ட்ரம்ஸ் வாசித்துப் பழகியிருந்தேன். இரண்டையும் போடி ரயிலில் ஏற்றி, பெரியதைக் காலுக்கிடையிலும் சின்னதை மடியிலும் வைத்துக்கொண்டு வந்தேன். எதிரில் இருந்த அம்மாள், "சமையல் அண்டாவா ஆத்தா?" என்று கேட்டார். "ஆமாங்க, பெருங்கூட்டத்துக்குச் சமைக்கணும்" என்றேன்.

பதிவு செய்ய வீட்டில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது, காய் ரூம். எங்கள் மலைச்சரிவுத் தோட்டத்தில் விளைந்து காய்ந்து வரும் ஏலக்காயை அப்பா அங்கேதான் சாக்கில் கட்டி, சுவரோரம் கூரை வரை அடுக்கி வைப்பார், விலை வரும் வரை. நடுவில் உட்கார்ந்து ஸ்னேரைத் தட்டினேன். அட! எதிரொலியே இல்லை. மூட்டைகள் மிச்சச் சத்தத்தையெல்லாம் குடித்துவிட்டன. டப் என்று விழுந்தால் டப் என்று மட்டும் கேட்டது. முன்னால் ஒரு மைக், தலைக்கு மேல் ஒரு மைக். ஒரு ஞாயிற்றுக்கிழமை சரணங்களுக்கு வாசித்து முடித்தேன்; என் பாட்டில் சரணம் முதலில், பல்லவி அப்புறம். ஏலக்காய் வாசத்தில் மூக்கு எரிந்தது. ஆனந்தமாக இருந்தது.

பல்லவிக்கு அடுத்த ஞாயிறுதான் நேரம் கிடைத்தது. உள்ளே போனால் ஒரு மூட்டைகூட இல்லை. இடையில் விலை ஏறியிருக்கிறது, அப்பா மொத்தத்தையும் ஏலத்துக்குப் போட்டுவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? இடம் தாராளமாகிவிட்டதே என்று குதித்தேன். கூட்டிப் பெருக்கி, நன்றாகக் கையை வீசி வாசித்தேன். பிறகு இரண்டையும் ஒட்டிக் கேட்டால் பல்லவி முழுக்க எதிரொலி, தலையில் இடி.

நேராக அப்பாவிடம் போனேன். "யாரக் கேட்டுக் காய ஏலத்துக்குப் போட்டீக?"

"இது என்னடா வம்பா இருக்கு! வெல ஏறுறப்ப மூட்டைய அடுக்கி வச்சு அழகு பாக்கச் சொல்றியா? ஒங்கல்யாணத்துக்குத்தான ஆத்தா போட்டேன்" என்றார்.

பக்கத்து வீடுகளில் மூட்டை கேட்கலாம் என்று ஓடினேன். விலை ஏறினால் எங்கள் தெருவில் எந்த வீட்டில் காய் தங்கும்? எல்லார் வீட்டு ரூமும் காலி. ஊருக்கெல்லாம் அழைப்பு வைத்தாயிற்று, என் பாட்டு பாதியில் நின்றது. காய் ரூமில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "சோலிய விட்டுட்டு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" பாட்டைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள். "மொதல்ல நம்ம வீட்டுல கேக்குது. பெறகு கெணத்துக்குள்ள கேக்குது."

"மூட்டை இல்லம்மா. அதான்."

அம்மா உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் தரையில் எதையோ இழுக்கிற சத்தம். பார்த்தால், சீருக்காகத் தைத்து, பிளாஸ்டிக் உறை போட்டு யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த இலவம்பஞ்சு மெத்தை! அடுத்து இரண்டாவது மெத்தை. பிறகு தலையணைகள், ஜமுக்காளம், போர்வை.

"பிளாஸ்டிக் இருந்தா சத்தம் திரும்பி வரும்மா" என்றேன் மெதுவாக.

என்னை முறைத்தாள். பிறகு தானே உறையைக் கிழித்தாள். "சம்பந்தி வீட்டுல கேட்டா, வெயில்ல காயப் போட்டோம்னு சொல்லிக்கிருவோம்."

"ஏம்மா? நீதான வேணாம்ன?"

"இப்பவும் வேணாம்னுதான் சொல்றேன். ஆனா தோத்தா எம்மக நல்லா அடிச்சுத் தோக்கணும். மூட்டை இல்லாமத் தோக்கக் கூடாது. வெரசா அடி."

மெத்தைகளைச் சுவரில் சாய்த்தோம். கிக்குக்குள் ஒரு கல்யாணத் தலையணையைத் திணித்தேன், அதன் அதிர்வு அடங்கி, தொம் தொம் என்று கனமாக விழுந்தது. முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி வாசித்தேன். சரிந்து சரிந்து விழுந்த மெத்தையை அம்மா முதுகு கொடுத்துத் தாங்கி நின்றாள். இரண்டாம் சரணத்தில் பார்க்கிறேன், அவள் கால் தாளம் போடுகிறது. நான் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

காலையில் தாலி கட்டி, அன்று சாயங்காலம் வரவேற்பில் பாட்டு ஒலித்தபோது மாலையும் கழுத்துமாக மேடையில் நின்றேன். மாப்பிள்ளைக்கு என்னைவிட அதிகமாக வேர்த்தது. முன்வரிசையில் மாமியார், பக்கத்தில் அம்மா. முதல் சரணம் முடிந்தது, மாமியார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பல்லவியில் கிக் விழுந்தது. அவர் அம்மா பக்கம் திரும்பினார். அவர்கள் பேசியதை அம்மா பிறகுதான் சொன்னாள்.

"இந்தக் கொட்டு யாரு அடிச்சது?"

அம்மா சொல்லியிருக்கிறாள், "எம்மகதான்."

"அடிபொளி!" என்று மலையாளத்தில் ஒரு போடு போட்டுவிட்டு மாமியார் எழுந்தார். பிரமாதம் என்கிற அந்தச் சொல் மேடை வரைக்கும் கேட்டது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து நாற்காலிகளுக்கு நடுவே ஆட ஆரம்பித்தார். அம்மா கூச்சத்தில் நெளிந்தாள், பிறகு ஆடினாள். என் அம்மா ஆடி நான் பார்த்ததே இல்லை. மேடை என்றும் பார்க்காமல் விசில் அடித்தேன்.

மறுநாள் காலை சீர்ச் சாமான் ஏற்ற மலையிலிருந்து ஜீப் வந்தது. பீரோவை ஏற்றியதும் மூச்சுவிட இடமில்லை. "ட்ரம்ஸு அடுத்த லோடுல வரட்டும்க்கா" என்றார் ஜீப்புக்காரர்.

"பீரோவ எறக்குப்பா" என்றாள் அம்மா. "சேலைய அவ கொடியில போட்டுக்கிருவா. இது இல்லாம எம்மக புது எடத்துல எப்படி இருப்பா?"

பீரோவை இறக்கினார்கள். தாலி கட்டியபோது அழாத நான், அப்போது ஓவென்று அழுதேன்.